ஹீட் பம்ப் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்கலாம்

ஹீட் பம்ப் பொருத்திய ஆட்கள் சாமான்களை அள்ளிக்கொண்டு கிளம்பியதும் நம்மிடம் மிஞ்சுவது வெளியே ஒரு பெரிய பெட்டி, உள்ளே பளபளக்கும் செம்புக் குழாய்கள், கையில் ஒரு தடித்த கையேடு. வீடும் சூடாகிறது. சரி, வேலை நன்றாக முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மோசமாகப் பொருத்திய ஹீட் பம்பும் வீட்டைச் சூடாக்கத்தான் செய்யும், அதற்கு ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது நமக்குத் தெரியவருவது குளிர்காலம் பாதி போய், கரண்ட் பில் வந்த பிறகு.

எந்த பிராண்ட் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள் அதைப் பொருத்தப் போவது யார், எப்படி என்பதில் அதில் பாதி நேரம்கூடச் செலவழிப்பதில்லை. என்னைக் கேட்டால், பெயர் பெற்ற கம்பெனிகளின் இயந்திரங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் சின்னது, பொருத்துவதில் வரும் வித்தியாசம்தான் பெரிது. இங்கே நான் பேசுவது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, அறைச் சுவரில் மாட்டிய ரேடியேட்டரிலோ தரைக்கு அடியில் பதித்த குழாயிலோ ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும் வகையைப் பற்றி. நிலத்தடியிலிருந்து வெப்பம் எடுக்கும் வகை என்றாலும் வீட்டுக்குள் நடக்கும் விஷயங்கள் எல்லாம் இதேதான்.

ஒரே ஒரு அடிப்படையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். எரிவாயு பாய்லர் 65, 70 டிகிரித் தண்ணீரை அசால்ட்டாக அனுப்பும். ரேடியேட்டர் சின்னதா, குழாய் ஒடுக்கமா, எந்தக் கணக்கும் போடாமல் வைத்தார்களா, எல்லாவற்றையும் அந்தச் சூடு மூடி மறைத்துவிடும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை எடுத்து உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு உயரத்துக்குத் தள்ளச் சொல்கிறோமோ அவ்வளவு மின்சாரம். வெளியே 0 டிகிரி இருக்கும்போது 35 டிகிரித் தண்ணீர் கொடுப்பதைவிட 55 டிகிரித் தண்ணீர் கொடுக்க, இயற்பியல் விதிப்படியே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மின்சாரம் வேண்டும். எந்த கம்பெனியாலும் இதை மாற்ற முடியாது. தண்ணீரின் சூட்டில் ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் சுமார் 2 முதல் 2.5 சதவீதம் மிச்சம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே, குறைந்த சூட்டுத் தண்ணீரை வைத்தே வீட்டைக் கதகதப்பாக வைக்க முடிகிறதா என்ற கேள்விதான் இந்த வேலையின் தரத்தை அளக்கும் கோல்.

முதலில் காகிதம்

வேலை தொடங்கும் முன்பே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். வந்தவர் அறை அறையாகப் போய் நீள அகலம் அளந்தாரா, ஜன்னல் கண்ணாடி எத்தனை அடுக்கு, சுவர் எதனால் ஆனது, மேல்தளத்தில் இன்சுலேஷன் இருக்கிறதா என்று பார்த்தாரா, இருக்கிற ரேடியேட்டர்களின் அளவைக் குறித்துக்கொண்டாரா? இதெல்லாம் செய்தால்தான் உங்கள் ஊரில் வரக்கூடிய கடும் குளிரில் ஒவ்வொரு அறையும் எத்தனை வாட் வெப்பத்தை இழக்கும் என்று கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வாசலில் நின்றபடியே "மூணு பெட்ரூமா, அப்ப 12 கிலோவாட் போட்டுடலாம்" என்றால், அல்லது பழைய பாய்லரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதே அளவைச் சொன்னால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

அவர் கொடுத்த கணக்கு நம்பும்படி இருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய பாய்லர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நல்ல குளிர் நாள் ஒன்றில் 24 மணி நேரத்துக்கு எரிவாயு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 160 யூனிட் போயிருக்கிறது என்று வைப்போம் (இங்கே யூனிட் என்பது எரிவாயு பில்லில் போடும் கிலோவாட் மணி, மீட்டர் கன மீட்டரில் காட்டினால் பில்லில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்). பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது 144 யூனிட். 24 ஆல் வகுத்தால் 6 கிலோவாட். அன்றைக்கு வெளியே சராசரி 0 டிகிரி, உள்ளே 20 என்றால் இடைவெளி 20 டிகிரி. உங்கள் ஊரின் கடும் குளிர் மைனஸ் 5 என்றால் இடைவெளி 25 ஆகும், தேவை 6 × 25 ÷ 20, அதாவது 7.5 கிலோவாட். குளிக்கும் தண்ணீருக்குப் போனதும் இதில் கலந்திருப்பதால் உண்மையான தேவை இதைவிடக் கொஞ்சம் கம்மியாகவே இருக்கும். இந்த வீட்டுக்கு 7 அல்லது 8 கிலோவாட் என்று அவர் சொன்னால் சரி. 14 என்றால் ஏன் என்று கேளுங்கள். "பாதுகாப்புக்கு" என்பது பதில் ஆகாது.

பெரிதாகப் போட்டால் என்ன நஷ்டம்? எல்லா ஹீட் பம்புக்கும் அதற்குமேல் குறைக்க முடியாத ஒரு அடிமட்ட வெப்ப அளவு உண்டு. 14 கிலோவாட் இயந்திரம் 4, 5 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்கலாம். குளிர்காலத்தின் பெரும்பகுதி மிதமான நாட்கள்தானே, அப்போது வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். இயந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரஸரின் ஆயுளும் போகும், மின்சாரமும் போகும். இதனால் வாங்கும் முன் அந்த மாடலின் அதிகபட்சத்தை மட்டும் பார்க்காமல் குறைந்தபட்ச வெப்ப அளவையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத் தாளில் இருக்காது, தொழில்நுட்பக் கையேட்டில் இருக்கும். கொஞ்சம் சிறியதாகப் போவதில் அவ்வளவு ஆபத்து இல்லை, வருடத்தில் சில மணி நேரம் துணை ஹீட்டர் கைகொடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ரேடியேட்டர் கணக்கும் அதே தாளில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியேட்டரின் பட்டியலில் 1,000 வாட் என்று போட்டிருந்தால், அது உள்ளே ஓடும் தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருந்தால் கிடைப்பது. 45 டிகிரித் தண்ணீர் உள்ளே போய் 40 டிகிரியில் வெளியே வந்தால், 20 டிகிரி அறையில் அதே ரேடியேட்டர் சுமார் 350 வாட்தான் கொடுக்கும். 55 டிகிரியில் போய் 50-ல் திரும்பினால் 570 போல. அறைக்கு 800 வாட் வேண்டும், இருப்பது அந்த 1,000 வாட் ரேடியேட்டர் ஒன்றே ஒன்று என்றால் ஒன்று ரேடியேட்டரை மாற்ற வேண்டும், இல்லை தண்ணீரின் சூட்டை ஏற்ற வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. "இருக்கிற ரேடியேட்டரே போதும், ஒண்ணையும் மாத்த வேண்டாம்" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பழைய வீடுகளில் பெரிய பெரிய ரேடியேட்டர்கள் இருப்பதுண்டு. எந்தச் சூட்டில் போதும் என்று எண்ணோடு சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

வெளிப்பெட்டி

இது கண்ணுக்குத் தெரியும் பகுதி என்பதால் எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் பாருங்கள், ஆனால் அழகைப் பார்க்காதீர்கள். கணக்கில்லாமல் போட்ட அமைப்புக்கு நேர்கோட்டில் குழாய் இழுத்து வைப்பது அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரி.

ரசமட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள், பெட்டி மட்டமாக இருக்க வேண்டும். காலுக்கு அடியில் உறுதியான தளமும் அதிர்வு தாங்கும் ரப்பரும் வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டு மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள், அளந்து பாருங்கள். முன்பக்கம் அதைவிட முக்கியம். அங்கிருந்து வீசும் குளிர்ந்த காற்று எதிரே உள்ள சுவரிலோ வேலியிலோ மோதித் திரும்பி வந்து பின்பக்கம் நுழைந்தால், இயந்திரம் தான் குளிரவைத்த காற்றையே மறுபடி குடிக்கிறது என்று அர்த்தம். வெளியே 5 டிகிரி இருந்தாலும் அதற்கு 2 டிகிரி மாதிரிதான். அலங்காரத்துக்கு மரப்பெட்டி போட்டு மூடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்து தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் பெட்டியின் பின்புறத் தகடுகளில் பனி படியும், இயந்திரம் அவ்வப்போது தன்னைத்தானே சூடேற்றி அதை உருக்கும். டீஃப்ராஸ்ட் என்பது இதுதான். ஒவ்வொரு முறையும் கணிசமான தண்ணீர் கொட்டும். அது ஜல்லி போட்ட குழிக்குள்ளோ வடிகாலுக்கோ போக வழி இருக்க வேண்டும். வழி இல்லாவிட்டால் நடைபாதையில் வழிந்து இரவில் பனிக்கட்டியாகி ஆளை வழுக்கிவிடும், அல்லது பெட்டியின் அடியிலேயே உறைந்து மேலே ஏறி விசிறியைத் தொடும். அதிகம் பனி கொட்டும் இடமாக இருந்தால் பெட்டி தரையிலிருந்து அதற்கேற்ற உயரத்தில் நிற்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை பெட்டி எங்கே நிற்கிறது என்பதே பாதி விஷயம். தடையில்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பின்னால் ஒரு சுவர் இருந்தால் 3 டெசிபல் வரை கூடும், மூலையில் இரண்டு சுவருக்கு நடுவே வைத்தால் இன்னும் ஒரு 3. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, அதுவும் மூலையில், அதுவும் அண்டை வீட்டைப் பார்த்தபடி வைத்திருந்தால் அவர் யோசிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரவில் அறைக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் அடித்தொண்டைச் சத்தம் சுவர் வழியாக வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், குழாய்கள் சுவரோடு இறுக்கமாகப் பிடித்திருந்தால் அப்படி வரும்.

புதிய மாடல்கள் பலவற்றில் உள்ளே வெப்பத்தைச் சுமந்து சுற்றும் வாயுவாக ஆர்-290, அதாவது புரோபேன் இருக்கும். நல்ல வாயுதான், புவி வெப்பமாதலுக்கு அதன் பங்கு மிகமிகக் குறைவு, தண்ணீரையும் நன்றாகச் சூடாக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பெட்டியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லையைக் கையேட்டில் வரைந்திருப்பார்கள். அதற்குள் ஜன்னல், கதவு, காற்றோட்டத் துளை, சாக்கடை மூடி, பேஸ்மென்ட் வழி, மின் ஸ்விட்ச் எதுவும் இருக்கக் கூடாது. இதில் மட்டும் "பரவாயில்லை, கொஞ்சம்தானே" என்று விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெட்டியிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். தடித்த இன்சுலேஷன் இடைவெளியே இல்லாமல், வளைவுகளிலும் இணைப்புகளிலும்கூட முழுசாகப் போட்டிருக்க வேண்டும். வெளியே இருப்பது வெயிலைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும், உள்ளே போடும் சாதாரண சாம்பல் நிற ஃபோம் இரண்டு மூன்று வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். சுவர்த் துளையைச் சுற்றி அடைத்திருக்கிறார்களா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போய், வெளியே உறைநிலை என்றால் அந்தக் குழாய்த் தண்ணீர் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு உங்கள் இன்ஸ்டாலரிடம் பதில் இருக்க வேண்டும். தண்ணீரை உறையாமல் காக்கும் கிளைக்கால் என்ற திரவம் கலந்திருப்பார், அல்லது தண்ணீர் உறையும் நிலைக்கு நெருங்கினால் தானே திறந்து வெளியேற்றும் உறைதடுப்பு வால்வுகள் போட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் விஷயம் தெரியாதவர், வால்வு திறந்தால் கிளைக்கால் மொத்தமும் தரையில். அந்த வால்வின் மேலேயே இன்சுலேஷனைச் சுற்றி மூடியிருந்தாலும் தப்பு, அது வெளிக்குளிரை உணர வேண்டும்.

தண்ணீர் ஓட்டம்

யாரும் பார்க்காத, ஆனால் கெட்டுப்போன வேலைகளில் மறுபடி மறுபடி தலைகாட்டும் இடம் இது. போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருக்கும்படி அமைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு கிலோவாட் வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்குச் சுமார் 2.9 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். 8 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 23 லிட்டர். இது பாய்லருக்கு ஓடியதைவிட மிக அதிகம். பழைய 15 மில்லிமீட்டர் குழாய் ஒன்றின் வழியாக வீடு முழுவதுக்குமான தண்ணீரையும் தள்ளப் பார்த்தால் நடக்காது. 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய் சின்ன இயந்திரங்களுக்குப் போதும், 8 கிலோவாட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ முக்கியக் குழாய் 28 ஆக இருப்பதே நிம்மதி.

சோதிப்பது சுலபம். பெரும்பாலான இயந்திரங்களின் திரையில் எங்கோ ஒரு மூலையில், தகவல் பகுதியிலோ சர்வீஸ் பகுதியிலோ, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், போகும் சூடு, திரும்பும் சூடு மூன்றும் இருக்கும். லிட்டரை டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, அதை 0.07 ஆல் பெருக்குங்கள், கிலோவாட் வந்துவிடும். 23 × 5 × 0.07 கிட்டத்தட்ட 8. உங்கள் 8 கிலோவாட் இயந்திரம் முழுமூச்சாக ஓடும்போது 12 லிட்டர்தான் காட்டுகிறது, வித்தியாசம் 9, 10 டிகிரிக்கு ஏறி நிற்கிறது என்றால் ஏதோ அடைப்பு. குழாய் ஒடுக்கம், பம்ப் வேகம் குறைவு, காற்று நிற்கிறது, அல்லது வடிகட்டியில் குப்பை. கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி நடக்கும். பழைய ரேடியேட்டர்களை நன்றாக அலசாமல் புது இயந்திரத்தோடு இணைத்தால் உள்ளிருந்த கறுப்புச் சகதி எல்லாம் முதல் வாரத்திலேயே வடிகட்டிக்கு வந்து சேரும். காந்த வடிகட்டி போட்டிருக்கிறார்களா, அதைத் திறந்து கழுவ இடம் விட்டிருக்கிறார்களா, வேலை முடிந்த சில நாளில் யாராவது வந்து ஒருமுறை சுத்தம் செய்தார்களா என்று பாருங்கள்.

அடுத்து, இயந்திரத்துக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவில் ஒரு பஃபர் டேங்க், அதாவது தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடைத்தொட்டி இருக்கிறதா? தேவைப்படும் வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேட்காமலேயே எல்லா வீட்டுக்கும் ஒன்று மாட்டிவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இயந்திரத்தின் பக்கம் ஒரு பம்ப், வீட்டின் பக்கம் ஒரு பம்ப், நடுவில் நான்கு குழாய் இணைப்புள்ள தொட்டி என்றால், இரண்டு பக்க ஓட்டமும் சமமாக இல்லாதபோது சூடான தண்ணீரும் திரும்பிய தண்ணீரும் தொட்டிக்குள் கலந்துவிடும். இயந்திரம் 45-ல் அனுப்பும், ரேடியேட்டருக்கு 40 தான் போய்ச் சேரும். நீங்கள் 45-க்கான மின்சாரத்தைக் கட்டி 40-க்கான கதகதப்பை வாங்குகிறீர்கள். குழாயில் மாட்டும் மலிவான தெர்மாமீட்டர் இரண்டை வாங்கித் தொட்டிக்கு முன்னும் பின்னும் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம், நான்கு ஐந்து என்றால் பம்ப் வேகங்களைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஓட்டத்தைக் கெடுக்கும் இன்னொரு ஆசாமி அறைக்கு அறை தெர்மோஸ்டாட். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக மூடிக்கொண்டால் இயந்திரத்துக்குத் திறந்திருக்கும் ரேடியேட்டர் ஒன்றோ இரண்டோதான், அந்தக் கொஞ்சத் தண்ணீர் நொடியில் சூடாகிவிடும், இயந்திரம் நின்றுவிடும். ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில் பெரும்பாலான அறைகள் திறந்தே இருப்பதுதான் நல்லது. அறைக்கு அறை வித்தியாசத்தை ரேடியேட்டர் வால்வுகளை ஒருமுறை பொறுமையாக பேலன்ஸ் செய்து, அதாவது ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு தண்ணீர் போகும்படி திருகி வைத்து, சரிக்கட்ட வேண்டும். அதை உங்கள் ஆள் செய்தாரா என்று கேளுங்கள். அரைநாள் பிடிக்கும் வேலை, அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

ஒரு மிதமான நாளில் உட்கார்ந்து கவனியுங்கள்

கடும் குளிரில் எல்லா இயந்திரமும் தொடர்ந்து ஓடும், அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியே 8, 10 டிகிரி இருக்கும் நாளில், குளியல் தண்ணீர் காயாத நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரம் கவனியுங்கள். கம்ப்ரஸர் எத்தனை முறை புதிதாகக் கிளம்புகிறது? ஒன்று, இரண்டு என்றால் கவலை இல்லை. மூன்றுகூடப் பரவாயில்லை. ஐந்து, ஆறு முறை என்றால் இயந்திரம் பெரிது, அல்லது ஓட்டம் குறைவு, அல்லது எல்லா அறைகளும் மூடியிருக்கின்றன. டீஃப்ராஸ்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது குளிர்ந்த ஈர நாளில் வரும், பெட்டியிலிருந்து ஆவி புகை மாதிரி எழும்பும், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியே கண்ட்ரோலரையும் பாருங்கள். வெளியே குளிர் கூடக் கூடத் தண்ணீர்ச் சூட்டைத் தானே ஏற்றி, குளிர் குறைந்தால் இறக்கும் ஓர் ஏற்பாடு எல்லா நல்ல இயந்திரத்திலும் உண்டு, திரையில் ஹீட்டிங் கர்வ் என்றோ வெதர் காம்பன்சேஷன் என்றோ இருக்கும். அது அணைத்து வைக்கப்பட்டு, தண்ணீர் எந்நேரமும் 55 டிகிரி என்று நிறுத்தப்பட்டிருந்தால் உங்கள் ஆள் ஹீட் பம்பை பாய்லர் மாதிரி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சரி, அந்த ஏற்பாடு இயங்குகிறது, ஆனால் கம்பெனியிலிருந்து வந்த அமைப்பிலேயே விட்டிருந்தால்? அப்போதும் முழு மதிப்பெண் கிடையாது, ஆனால் இதை நீங்களே சரிசெய்யலாம். ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் திறந்துவிட்டு, கர்வை ஒரு டிகிரி இறக்குங்கள், இரண்டு நாள் விடுங்கள், மறுபடி ஒரு டிகிரி. வீட்டிலேயே குளிரான அறை "இதுக்கு மேல தாங்காது" என்னும் கட்டத்தில் நிறுத்தி ஒரு டிகிரி ஏற்றிவிடுங்கள். வெளிவெப்பநிலையை அளக்கும் உணரி வெயில் படும் சுவரில் இருந்தால் இதெல்லாம் வீண், அது நிழலில் இருக்க வேண்டும்.

வாயுக் குழாய் வீட்டுக்குள் வரும் வகை என்றால்

சில மாடல்களில் வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே தண்ணீருக்குப் பதில் ரெஃப்ரிஜிரண்ட், அதாவது வெப்பத்தைச் சுமக்கும் அந்த வாயு ஓடும் செம்புக் குழாய்கள் போகும். நேரடியாகக் காற்றைச் சூடாக்கும் வகையும் இப்படித்தான். இதில் வேலை முடிந்த பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை, நடக்கும்போதே பார்க்க வேண்டும். குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவிட்டாரா? இல்லாவிட்டால் உட்புறம் கருகிப் பொருக்கு கம்ப்ரஸருக்குப் போகும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் கருவி) முடுக்கினாரா, கை ஆத்திரத்தில் முடுக்கினாரா? நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தாரா? அப்புறம் வேக்யூம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தியும் அது எகிறாமல் நிற்கிறதா என்று தனி மீட்டரில் பார்த்தாரா? பத்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு "ஆச்சு சார்" என்று வால்வைத் திறப்பவரிடம் அந்தத் தனி மீட்டர் இருக்கவே இருக்காது. சில மாதம் கழித்து நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் வாயு கசிகிறது என்று அர்த்தம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: தனி சர்க்யூட், கையேட்டில் சொன்ன அளவு பிரேக்கர், பெட்டிக்குப் பக்கத்தில் அணைக்க ஒரு ஐசோலேட்டர், ஒழுங்கான எர்த், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட சோதனைத் தாள். இதில் எது இல்லாவிட்டாலும் வேலை முடியவில்லை.

திருட்டுத்தனமாக ஓடும் ஹீட்டர்

பெரும்பாலான அமைப்புகளில் ஒரு சாதாரண மின் ஹீட்டர் துணைக்கு ஒளிந்திருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவே தரும். இயந்திரம் சின்னதாக இருந்தாலோ, அமைப்பைத் தப்பாக வைத்தாலோ இது சத்தமில்லாமல் தினமும் ஓடும், வீடு சூடாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. திரையில் துணை ஹீட்டர் ஓடிய மணி நேரம் என்று ஓர் எண் இருக்கும், அதை மாதம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி குளிருக்குக் கீழே மட்டும் அது வரலாம் என்று வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

குளியல் தண்ணீர்த் தொட்டியில் 48, 50 டிகிரி பெரும்பாலான வீட்டுக்குப் போதும். லெஜியோனெல்லா கிருமிக்காக வாரம் ஒருமுறை போல 60-க்கு ஏற்றும் அமைப்பு இருக்கும், அது தினமும் ஏறும்படி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய பாய்லர் காலத்துத் தொட்டியையே விட்டுவைத்திருந்தால் உள்ளே சுருள் சின்னதாக இருக்கும், ஹீட் பம்புக்கு 3 சதுர மீட்டர் பக்கம் பரப்புள்ள பெரிய சுருள் வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தின் சூடு தண்ணீருக்குள் இறங்காமல் தவித்து, கடைசியில் அந்தத் துணை ஹீட்டரே வேலையை முடிக்கும்.

கடைசியில் எண்தான் பேசும்

வீட்டுக்குக் கிடைத்த மொத்த வெப்பத்தை இழுத்த மொத்த மின்சாரத்தால் வகுங்கள். ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்குப் பார்த்து மகிழவோ அழவோ வேண்டாம், குளிர்காலம் முழுக்கச் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் பழைய வீடுகளில் அளந்தபோது, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புகளுக்குச் சராசரி 3.1 வந்தது. மோசமானது 2.5, நல்லது 3.8. நிலத்தடி வகைக்குச் சராசரி 4.1. உங்களுடையது 3-ஐத் தாண்டினால் நல்ல வேலை, 3.5-க்கு மேல் என்றால் அந்த இன்ஸ்டாலரின் பெயரை நாலு பேருக்குச் சொல்லுங்கள். 2.5-க்கும் கீழே என்றால், கடுங்குளிர் ஊராக இருந்தால் ஒழிய, எங்கோ ஏதோ சரியில்லை. ஒரு எச்சரிக்கை: பல இயந்திரங்களின் திரையில் வரும் எண் உள்ளே இருக்கும் உணரிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு, சில இயந்திரங்கள் துணை ஹீட்டரையும் பம்பையும் கணக்கிலேயே சேர்க்காது. ஆரம்பத்திலேயே தனி மின் மீட்டரும், முடிந்தால் ஒரு வெப்ப மீட்டரும் போடச் சொல்லுங்கள், பின்னால் மாட்டுவது இரட்டை வேலை.

இதற்கு நடுவில் தேவையில்லாமல் பயப்பட வேண்டாதவையும் இருக்கின்றன. ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அது நல்ல அறிகுறி. இரவெல்லாம் ஓடும், அதுவும் நல்லதே. டீஃப்ராஸ்ட் நேரத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தமும் ஆவியும் வரும். முன்பக்கம் ஐஸ் மாதிரி காற்று வீசும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அறைவாரி வெப்ப இழப்புக் கணக்கு, எந்தச் சூட்டுத் தண்ணீருக்கு வடிவமைத்தார் என்ற எண், ஓட்டிப் பார்த்த அன்று அளந்த லிட்டரும் டிகிரியும் எழுதிய தாள், மின் சோதனைத் தாள், வாரண்டி பதிவு செய்ததற்கான சான்று, வாயுக் குழாய் வகை என்றால் எத்தனை கிராம் சேர்த்தார் என்ற குறிப்பு. அளந்த தாள் வெறுமையாக இருந்தாலோ, எல்லா வீட்டுக்கும் பொருந்தும்படி உருண்டை எண்களாக நிரப்பியிருந்தாலோ, உங்கள் முன்னாலேயே ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆள் கோபப்பட மாட்டார்.

ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால் செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் அறைகளின் வால்வுகளைத் திறந்து கர்வை இறக்கிப் பாருங்கள், துணை ஹீட்டர் அமைப்பைப் பாருங்கள். பிறகு வடிகட்டி, காற்று, பம்ப் வேகம், பேலன்ஸ். அதற்கும் மசியாவிட்டால் பஃபர் டேங்க், அப்புறம் சூடு போதாத ஒன்றிரண்டு அறைகளின் ரேடியேட்டர். இயந்திரத்தையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் செய்த வெப்ப இழப்புக் கணக்கை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அதில் எந்த வரி தப்பு என்று காட்டச் சொல்லுங்கள்.